நாடகத் தமிழும் புதுக்கோட்டையும்

தமிழை முத்தமிழ் என்று வகுத்த முன்னோர் இயலையும் இசையையும் அடுத்து நாடகத்தை வைத்தனர். இம்மூன்றனுள் இயற்றமிழ் ஏட்டில் வாழ்ந்தது. இசைத்தமிழ் ஓதுவார் மிடற்றில் வாழ்ந்தது. நாடகத் தமிழ் எங்கே வாழ்ந்தது என்னும் வினாவிற்கு விடை கூறுதல் எளிதன்று. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்களின் பெயர்களை எடுத்தோதி, அவையெல்லாம் இறந்தன என்று அந்நாளிலேயே இரங்கியுள்ளார். நூல்கள் இறந்தன என்பது மெய். நூல் இறந்தவிடத்தும் கலை இறந்துபட்டதோ எனின், இல்லை. ஏட்டைக் கையாலும் தொட்டறியாத மக்களின் நாவிலும் செவியிலும் அது உறைந்து கிடந்தது. அங்ஙனம் உறைந்து கிடந்ததற்குப் புதுக்கோட்டைச் சீமை தக்கதொரு சான்றாகும்.

கூத்தினைப் புரந்தது முதற்கண் திருக்கோயிலேயாம். ஆடல்வல்லானை முழுமுதலாகக் கொண்ட சமயம் ஆடலைப் புறத்தே நிறுத்துதல் யாங்ஙனம்? தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்பொருட்டுச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு ஆட்டை ஒன்றுக்கு 120 கலம் நெல் வழங்கப்பட்டதென இரண்டாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டுக் கூறுகின்றது. புதுக்கோட்டைக்கு அணித்தாகிய திருவேங்கைவாசலிலும் சாந்திக்கூத்து ஆடுதற்கு ஏழுநாட்டு நங்கை என்பாளுக்குக் காணி அளித்த செய்தி கல்லில் உள்ளது. கூத்தாடுவாரைத் தேவதானத்தின் ஒரு கூறாகவே அக்காலத்தார் கருதினர் என்பது இவற்றாற் புலனாம்.

பின்னர் நிலைமை மாறிற்று. நாயக்கர் காலத்தும் மராட்டியர் காலத்தும் அரசவைகளிற் சிறப்புற்றன தெலுங்கு யட்சகானங்களும் பதங்களுமே. தமிழில் எழுந்த பள்ளும் குறவஞ்சியும் நொண்டி நாடகமும் ஊர்ப்புறங்களில் உலவின. இராமநாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இவ்விடையிருளில் ஏற்றிய விளக்குகள் எனலாம். பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அணுகியபோது, பெரியபுராணத்தினின்றும் கதை வேறுபட்டமையும், இலக்கண வழுக்கள் மலிந்தமையும் பற்றிப் பிள்ளையவர்கள் நெடுங்காலம் இசைந்திலர். பின்னர் ஒருநாள் பாரதியார் தாமே அப்பாடல்களைப் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தனர். இந்நிகழ்ச்சி அறிஞர் பலரும் அறிந்ததே. ஆயினும் இதன் உட்பொருளை ஆராய்ந்தார் சிலரே. ஏட்டிற் கண்டபோது தள்ளத்தக்கதாய்த் தோன்றிய ஒன்று செவியிற் பட்டபோது கொள்ளத்தக்கதாயிற்று. நாடகத் தமிழை அளக்குங் கோல் செவியேயாம்.

1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. திருஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்து நிறுவிய சைவப் பேரறிஞர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் இயற்றிய மனோன்மணீயம் அவ்வாண்டில் வெளிவந்தது. அந்நாடகத்தின் முகப்பிலமைந்த தமிழ்த்தெய்வ வணக்கத்தின் பகுதியே 1970ஆம் ஆண்டு முதல் அரசு விழாக்களிற் பாடப்பெற்று, 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. தாய்மொழிக்கு நாடு முழுதும் எழுந்து நின்று செய்யும் வணக்கம் ஒரு நாடக நூலினின்றும் பெறப்பட்டதென்பதைப் பலர் மறந்தனர். அதே ஆண்டிற் சென்னையிற் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். தமிழ் நாடகத்தை இகழ்ந்திருந்த தம்மை அவ்வழியிற் செலுத்தியது பல்லாரியினின்று வந்த தெலுங்கு நாடகக் குழுவின் ஆட்டமே என்று அவரே எழுதியுள்ளார். பிறமொழியின் மேடையைக் கண்ட பின்னரே தம்மொழிக்கும் மேடை வேண்டுமென்ற எண்ணம் கற்றார்க்கு உண்டாயிற்று!

இவ்விரண்டும் கற்றார் உலகில் நிகழ்ந்தவை. மனோன்மணீயம் படித்தற்குரிய நாடகம். சபையின் நாடகங்களோ நகரத்தார்க்கு உரியவை. கல்லாதார்க்கும் ஊர்ப்புறத்தார்க்கும் தமிழை மேடைவழி வழங்கியவர் அவ்வாண்டளவிலேயே, தம் இருபத்துநான்காம் அகவையில், நாடகத்துறை புகுந்த மற்றொருவர். அவரே தவத்திரு சங்கரதாசு சுவாமிகள்.

சுவாமிகள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணப் புலமை மிக்கவர். தந்தையாரிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் நிறைவுற்றது. முருகதாசர் என்றும் திருப்புகழ்ச் சுவாமிகள் என்றும் போற்றப்பெற்ற அப்பெரியார், எழுத்து முதலிய ஐந்திலக்கணத்தோடு புலமை இலக்கணம் என ஆறாவதும் வகுத்தவர். தமிழலங்காரம் பாடித் தமிழின் தலைமையை நிலைநாட்ட முயன்றவர். வண்ணம் பாடுவதில் தமக்கு நிகரில்லாதவர். அவரிடம் பயின்ற மாணவர் உப்பளக் கணக்கராகச் சிலகாலம் இருந்து, பின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவர்க்கு உரியவாயின. விடியற்காலையிற் சனீசுவர வேடத்தைக் கலைக்கக் குளத்திற்குச் சென்ற அவரைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிர் நீத்தாள் என்றும், அது முதல் அவர் வேடம் புனைதலை ஒழித்தார் என்றும் நாடக உலகில் வழங்குவதொரு செய்தி உண்டு.

வேடம் துறந்தார்க்கு உலகப் பற்றும் தளர்ந்தது. துறவுக் கோலம் பூண்டு தலயாத்திரை செய்து வருங்கால் அவர் புதுக்கோட்டையை அடைந்தார். அப்பொழுது அச்சீமை தொண்டைமான் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1948ஆம் ஆண்டிலேயே இந்தியாவோடு இணைந்து, 1974ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்ட அவ்வரசின் தலைநகரில் மான்பூண்டியா பிள்ளை என்னும் பெருமேதை வாழ்ந்திருந்தார். அரண்மனையில் விளக்கேந்தும் ஊழியராய்த் தொடங்கி, தவில் பயின்று, எளிய தோற்கருவியாகிய கஞ்சிராவைக் கருநாடக இசையரங்கில் ஏற்றி, இலயத்தில் புதுக்கோட்டை மரபு என்று ஒரு தனி மரபையே நிறுவியவர் அவர். தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர் மாணாக்கரே. இத்தகைய மான்பூண்டியா பிள்ளை சங்கரதாசரை இடைமறித்துத் தம்மிடத்தே இருத்தினார். சந்த நுட்பங்களையும் தாள நுட்பங்களையும் கற்பித்தார். அவரைத் தம் சுவீகாரப் புத்திரராகவும் ஏற்றார். நாடகத்தை விட்டுப் போந்த துறவி மீண்டும் நாடகத்திற்கு ஆளானது புதுக்கோட்டையிலேயாம்.

இதனால் மொழிக்கு விளைந்த பயன் யாது? அக்காலத்தே பம்பாயினின்று வந்த பார்சிக் குழுக்களின் இந்துத்தானி மெட்டுக்கள் தமிழ் மேடையைப் பற்றிக்கொண்டன. மெட்டினைக் கண்டு மயங்கிய பாட்டுக்காரர் பலர், அதற்கு இசையச் சொற்களை ஒடித்தும் நீட்டியும் இட்டனர். குறில் நெடிலாயிற்று, ஒற்று உயிர்பெற்றது, பொருள் புலப்படாத ஓசையே எஞ்சிற்று. சுவாமிகளும் அம்மெட்டுக்களை விலக்கினாரல்லர். மக்கள் விரும்பியவற்றை விலக்குதல் கூடாதென்று கண்டு, அவற்றுள்ளேயே எதுகையும் மோனையும் கெடாத தமிழை அமைத்தார். வண்ணம் பாடிய ஆசிரியரிடமும் இலயம் கற்பித்த தந்தையிடமும் பெற்ற பயிற்சி இரண்டும் ஒருங்கே இல்லாதார்க்கு இது கைகூடுவதன்று. கீர்த்தனைகளின் இடையிடையே வெண்பாவையும் விருத்தத்தையும் கட்டளைக் கலித்துறையையும் அவர் பெய்து வைத்தார். யாப்பிலக்கணம் கேட்டறியாத உழவர் இரவெல்லாம் விழித்திருந்து வெண்பாவைக் கேட்டனர். மறுநாள் ஏர் பிடிக்குங்கால் அதனையே பாடினர்.

1910ஆம் ஆண்டில் சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். எஸ். ஜி. கிட்டப்பா அதிற் பயின்றவர். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. ஆறாண்டுச் சிறுவராய் அங்கே புகுந்த டி. கே. சண்முகம் பிற்காலத்தில் ஔவையாராக வேடம் பூண்டு அப்பெயராலேயே அழைக்கப்பெற்றார். புதுக்கோட்டையிற் பிறந்த பி. யு. சின்னப்பாவும் இளமையில் அச்சபையிற் பயின்றவரே. இச்சிறுவர்க்குப் பள்ளியும் அதுவே, வீடும் அதுவே. எழுத்தறிவு முதிருமுன்னரே நூற்றுக்கணக்கான பாடல்கள் அவர்க்கு மனப்பாடமாயின. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடு அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள் என்பதும் அச்சபையில் நிகழ்ந்ததே. இதனை வியப்பாகக் கூறுவார் பலர். வியப்பு விரைவில் மட்டுமன்று. அத்துணை விரைவில் எழுதியதும் யாப்பு வழுவாது நின்றதே பெரிது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

சபைகள் கலைந்தன, பேசும்படம் வந்து நடிகரைக் கொண்டுபோயிற்று. எனினும் சுவாமிகளின் நாடகங்கள் புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல், காரைக்குடி ஆகிய வட்டாரங்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் பெயரால் இன்றும் ஆடப்படுகின்றன. இதன் அமைப்பு ஆராயத்தக்கது. இதற்கு நிலையான குழு இல்லை. மாரியம்மன் கோயில் விழாவிற்கு நாடகம் வைக்கும் ஊரார் வள்ளியை ஓரூரினின்றும், நாரதரை மற்றோரூரினின்றும், ஆர்மோனியக்காரரையும் பபூனையும் வேறு ஊர்களினின்றும் அமர்த்துவர். ஒருவரையொருவர் முன்பு கண்டறியாதாரும் அவருள் இருத்தல் கூடும். ஒத்திகை என்பது இல்லை. இரவு பத்து மணியளவில் மேடையேறி விடியுமட்டும் வள்ளி திருமணம் ஆடுவர். இஃது எங்ஙனம் இயலுகின்றதெனின், சுவாமிகளின் பாடல் எல்லார் நெஞ்சிலும் ஒன்றாகவே இருத்தலான் இயலுகின்றது. ஒருவர் முதலடி எடுக்க மற்றவர் ஈற்றடி முடிப்பர். நாடகத் தமிழுக்கு ஏடு இது.

அந்நாடகத்தில் நாரதர்க்கும் வள்ளிக்கும் நிகழும் தருக்கம் சில ஊர்களில் இரண்டு மணி நேரத்திற்கும் மேற்செல்லும். திருக்குறளும் திருப்புகழும் ஔவை வாக்கும் அங்கே படைக்கலங்களாம். விடை கூறத் தடுமாறிய நடிகையை அடுத்த ஆண்டு அவ்வூரார் அழையார். தினைப்புனத்து ஆயலோட்டும் வள்ளியை இச்சை ஆற்றல் என்பர் ஆன்றோர். கச்சியப்ப சிவாசாரியார் பாடிய அக்கதையில் வேடனாயும் வேங்கையாயும் விருத்தனாயும் இறைவனே உயிரைத் தேடி வருகின்றான். சாத்திரம் கற்றார் விரித்துரைக்கும் அருளின் இயல்பைச் சாத்திரம் கல்லாதார் கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் உணர்தற்கு அவர்தம் தாய்மொழியில் இதனினும் எளிய வாயில் வேறில்லை.

நாடகம் மொழிக்கு அரணாதல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. செருமானிய மொழி மேலோங்கியிருந்த பிராகு நகரில், செக்கு மொழிக்கெனப் பொதுமக்கள் பொருள் திரட்டி எடுத்த நாடக அரங்கு 1881ஆம் ஆண்டில் திறந்த சில திங்களில் எரிந்தது. மீண்டும் பொருள் திரட்டி 1883ஆம் ஆண்டில் அதனை எழுப்பினர். வங்காள மொழிக்காக 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் டாக்காவில் இளைஞர் உயிர் நீத்தனர். அதனையொட்டிச் சிறைப்பட்ட முனீர் சௌதுரி கல்லறை என்னும் பொருள்பட ‘கபர்’ என்ற நாடகத்தை எழுத, அடுத்த ஆண்டு அதே நாளில் சிறைக்குள்ளேயே கைதிகள் அரிக்கன் விளக்கொளியில் அதனை நடித்தனர். உலகத் தாய்மொழி நாளாக 1999ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பு அறிவித்தது அந்நாளையே. புதுக்கோட்டைச் சீமையின் மேடைக்கு அத்தகைய போராட்டம் நேர்ந்திலது. அது மொழிக்காகப் போரிட்டதென்று கூறுதல் மிகையாம். மொழியை நாள்தோறும் வழங்கி வந்தது என்பதே பொருந்தும்.

சைவப் பெருமக்கள் சிலர் இம்மேடையை இகழ்தல் உண்டு. பபூனின் நகைச்சுவை சிலவிடத்து இழிந்து நிற்பதும், திரைப்பாடல்கள் இடையே நுழைந்தமையும் மறுக்கற்பாலன அல்ல. நடிகர்தம் ஒழுக்கம்பற்றி ஊரார் பேசும் பேச்சும் பழமையானதே. ஆயின் அம்மேடைக்கு உயிரையே ஈந்தாரும் உளர். முருகவேடத்தில் விடுதலைப் பாடல் பாடிப் பன்முறை சிறை சென்ற விசுவநாததாசர், 1940ஆம் ஆண்டின் இறுதி நாளிற் சென்னையில் மயில்மேல் அமர்ந்தவாறே மேடையில் உயிர் துறந்தார்.

இகழ்ச்சியினும் பெரிய கேடு ஒன்று உண்டு. சுவாமிகள் இயற்றியவை ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் என்பர். அவற்றுட் பாதியளவும் முழுமையாகக் கிடைத்தில. தம் பிழைப்பிற்கு முதலாகிய கையெழுத்துப் படிகளைக் குழுவினர் மறைத்து வைத்தனர். குழு கலைந்தபோது படிகளும் சிதைந்தன. அச்சில் வந்த மலிவுப் பதிப்புகள் பிழை மலிந்தவை. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் ஊர்தோறும் ஆடப்படுதலின் நடிகர் நெஞ்சில் நிலைத்தன. திருத்தொண்டர் வரலாறாகிய சிறுத்தொண்டரையும், அல்லமதேவர் பெருமை கூறும் பிரபுலிங்கலீலையையும் ஊர் விழாக்களில் ஆடக் கேட்பது அரிதாயிற்று. புதுக்கோட்டையிலும் மதுரையிலும் ஆண்டுதோறும் சுவாமிகளுக்குக் குருபூசை நடத்தும் நடிகருள் முதியோர் சிலர் நெஞ்சில் இவற்றின் பாடல்கள் தனித்தனியே எஞ்சியிருத்தல் கூடும். அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பணி திருமுறை ஓதுவார்க்கும் புலவர்க்கும் உரியது. அதற்கு வாய்த்த காலமோ குறுகியது.