உட்கார்ந்து வாசித்த மனிதர்

வரலாற்று வாத்தியார் மறுபடியும் நீளமாக எழுத ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்காமல் பொறுமையாகப் படியுங்கள்.

போன தீபத்துக்குத் திருவண்ணாமலை மாட வீதியில் சாமி புறப்பாடு பார்க்க நின்றிருந்தேன். மல்லாரி ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்தார். என்னிடம் படித்த பையன். அவன் அப்பா நாயனக்காரர். முகூர்த்த நாட்களில் அவரோடு ஒத்து ஊதப் போய்விடுவான், பள்ளிக்கு வரமாட்டான். "இந்த நாயனம் நாளைக்கு உனக்குச் சோறு போடுமா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். இப்போது சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். "அன்னைக்கு நீங்க சொன்னதாலதான் சார் படிச்சேன்" என்றான். அப்பாவின் நாயனம் வீட்டில் உறை போட்டபடி இருக்கிறதாம். அவன் நன்றியோடுதான் சொன்னான். எனக்குத்தான் மனது சரியில்லை.

வீட்டுக்கு வந்து டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய தோடி இசைத்தட்டுப் பதிவைக் கேட்டேன். வகுப்பில் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வரலாறு இவருடையது.

1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். அவர் வீட்டில்தான் வளர்ந்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாடம். அதனால்தானோ என்னவோ, பின்னாளில் அவர் நாயனம் ஊதுவது போலவே இருக்காது, பாடுவது போல இருக்கும். திருவாவடுதுறை ஆதீன வித்வான் ஆனார். ஊர்ப்பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அக்காலத்தில் நாயனக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். பெரிய மனிதர் வீடுகளில் சட்டை கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். பாட்டு வித்வானுக்கு மேடை, நாயனக்காரருக்கு வாசல். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்தார், கோட்டு போட்டார், மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்தார். பலருக்கு அது திமிராகத் தெரிந்தது. வித்தைக்கு உரிய மரியாதையைத்தான் அவர் கேட்டு வாங்கினார்.

மரியாதை மட்டுமல்ல, வாத்தியமும் மாறியது. அதுவரை வழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம். வீதிக்கு அது சரி, நான்கு சுவருக்குள் காதைத் துளைக்கும். அதோடு அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. தோடிக்கு அந்தச் சுரம் இல்லாமல் முடியுமா? நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாயனம் அந்தக் குறையைத் தீர்த்தது. நீளம் கூடியது, சுருதி இறங்கியது. இன்று பெரும்பாலான வித்வான்கள் வாசிப்பது அதைத்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மேல்நாட்டில் இதற்கு ஓர் உறவுக்காரர் உண்டு, பெயர் ஓபோ. நம் சீவாளி போலவே நாணலில் செய்த இரட்டை நாக்குதான் அதற்கும். அங்கே கச்சேரி தொடங்கும் முன் ஓபோ ஒரு சுரம் கொடுக்கும், மொத்தக் குழுவும் அதற்குச் சுருதி சேர்க்கும். அங்கே அந்த வாத்தியம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே அதை உட்கார வைக்கவே ஒரு மனிதர் போராட வேண்டியிருந்தது.

1940-ல் காளமேகம் படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் டெல்லியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம். குறைகளும் உண்டு. கோபக்காரர், கையில் வந்ததைச் சேர்த்து வைக்கத் தெரியாதவர். 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். வயது 58. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் கொஞ்சும் சலங்கையில் வாசித்ததை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

இந்தக் கதையை அன்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் நாயனக்காரனாகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தொழிலின் கஷ்டம் உண்மை. ஆனால் படி என்று சொல்ல, அவன் அப்பாவின் வித்தையைத் தாழ்த்தியிருக்க வேண்டாம். தம்பி, இதைப் படித்தால் வாத்தியாரை மன்னித்துவிடு. நேரம் கிடைக்கும்போது அந்த உறையைக் கழற்று.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் செல்போனை வைத்துவிட்டு மேளக்காரர் முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் வாசிப்பே வேறாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்