கப்பலுக்கு வழிவிட்ட பாலம்



நம் பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் இரண்டாம் பினாங்குப் பாலம் 2014 மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளம். கப்பல் போகும் இடத்தில் உயரமாகக் கட்டியிருப்பதால் கப்பல்கள் அடியில் போய்விடுகின்றன. பாலம் தாழ்வாக இருந்தால் கப்பல் என்ன செய்யும்? அதற்கு விடை தமிழ்நாட்டில், இராமேசுவரம் போகும் வழியில், பாம்பனில் இருக்கிறது.

1914ஆம் ஆண்டில் உலகில் இரண்டு வேலைகள் முடிந்தன. ஆகஸ்டு மாதம் பனாமா கால்வாய் திறக்கப்பட்டது. அங்கே ‘லாக்’ என்னும் நீர்க்கதவு அறைகளில் தண்ணீரை நிரப்பி, கப்பலை 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி விடுகிறார்கள். அதற்கு முன்பே, பிப்ரவரி 24ஆம் நாள், பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. பாம்பனில் இரண்டு பக்கமும் ஒரே கடல். ஆகவே கப்பலைத் தூக்க வேண்டியதில்லை, பாலத்தைத் தூக்கினால் போதும்! ஆட்கள் கையால் இயந்திரத்தைச் சுற்றுவார்கள். பாலத்தின் இரண்டு பகுதிகளும் கை தூக்கிக் கும்பிடுவதுபோல் மேலே எழும். கப்பல் மெல்ல நடுவே போகும்.

1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு ரயிலையே பயணிகளோடு கொண்டுபோனது. பாலத்தின் பெரும்பகுதி கடலில் விழுந்தது. திறக்கும் பகுதி மட்டும் அசையாமல் நின்றது! பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள்.

சரி, கப்பல் போவதைப் படம் பிடிக்க எங்கே நிற்கலாம்? 1988இல் திறந்த சாலைப் பாலம்தான் நல்ல இடம். பக்கத்திலேயே, ரயில் பாலத்தைவிட உயரத்தில் இருப்பதால், எல்லாம் கீழே தெளிவாகத் தெரியும். காலையில் கப்பல் வழிக்கு இராமேசுவரம் பக்கமும், மாலையில் மண்டபம் பக்கமும் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்; படம் இருட்டடிக்காது. கப்பல் பெரிதாகத் தெரிய வேண்டுமா? பாலத்தின் மேலேயே கப்பல் வழிக்கு நெருங்கி நில்லுங்கள். வண்டிகள் ஓடும் இடம், ஓரமாக நிற்க வேண்டும்!

பழைய பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மின்சாரத்தால் நேராக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. ‘கும்பிடும்’ காட்சியைப் படம் பிடித்தவர்களிடம் மட்டுமே இனி அது இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன்? என் பாட்டி சிறுபிள்ளையாக ‘ரஜுலா’ கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களில் உடைக்கப்பட்டது. நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர் அதில் வந்தார்கள்! ஆனால் பாட்டி கப்பலில் நிற்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அன்று தோட்டத்து மக்களிடம் கேமராவுக்கு ஏது காசு?

இன்று உங்கள் வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறது. பிள்ளைகளே, பத்து மூசாங் படகுத்துறைக்குப் பெற்றோருடன் போங்கள். படகையும் கடலையும் படம் எடுங்கள். பக்கத்தில் தாத்தா பாட்டியையும் நிற்க வையுங்கள். தேதி, இடம், பெயர் மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். நாளைய சரித்திரம் அதுதான்.