எண்ணெய் படிந்த கடற்கரைக்குச் சவர்க்காரம் போடலாமா? ஆய்வுக்கூடப் பரிசோதனை சொல்லும் பதில்

சிரம்பான் வட்டாரத் தோட்ட மக்களுக்கும் பட்டண மக்களுக்கும் விடுமுறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது போர்ட்டிக்சன் கடற்கரை. அந்தக் கரையை ஒட்டிய மலாக்கா நீரிணை, உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல் பாதைகளில் ஒன்று. எண்ணெய்க் கப்பல்களும் இவ்வழியே ஓயாமல் போய் வருகின்றன.

1997 அக்டோபர் 15ஆம் தேதி சிங்கப்பூர் நீரிணையில் 'எவோய்கோஸ்' கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதியதில் சுமார் 28,500 டன் கனரக எண்ணெய் கடலில் கொட்டியது. அதில் ஒரு பகுதி மிதந்து வந்து, டிசம்பர் இறுதியில் சிலாங்கூர் கடற்கரையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆங்காங்கே ஒதுங்கியது. விபத்து தூரத்தில் நடந்தாலும் எண்ணெய் நம் கரைக்கு வரலாம் என்பதற்கு இது சான்று.

இரண்டு வகை மருந்துகள்

எண்ணெய்க் கசிவுக்குப் பயன்படும் மருந்துகளில் இரண்டு வகைகளை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று, கடலில் மிதக்கும் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் கலக்கச் செய்வது. மற்றொன்று, பாறையிலும் கல்லிலும் ஒட்டிய எண்ணெயைப் பிரித்தெடுப்பது. பிரிந்த எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதக்க வேண்டும். அப்போதுதான் அதைத் தடுப்பு மிதவைக்குள் மடக்கி அள்ள முடியும். முதல் வேலையை நன்றாகச் செய்யும் மருந்து, இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலும் உதவாது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பரிசோதனை எப்படி?

கனடா சுற்றுச்சூழல் துறை உருவாக்கிய முறை எளிமையானது. சாய்வான உலோகத் தகட்டில் எண்ணெயைப் பூசி, அதன்மேல் மருந்தைத் தெளித்துச் சில நிமிடங்கள் ஊற விடுவார்கள். பிறகு நீரால் அலசி, உலர்த்தி எடை போடுவார்கள். குறைந்த எடையே அகன்ற எண்ணெயின் அளவு.

இதோடு வேலை முடிவதில்லை. மருந்து கலந்த நீரில் மீன்களை 96 மணி நேரம் விட்டு, பாதி மீன்கள் எந்த அளவில் சாகின்றன என்று பார்ப்பார்கள். அந்த எண் சிறியதாக இருந்தால் மருந்தின் நச்சு அதிகம் என்று பொருள்.

ஆரஞ்சுத் தோலில் இருந்து கிடைக்கும் லிமோனீன் எண்ணெயை நன்றாகவே அகற்றுகிறது. ஆனால், பத்து லட்சம் பங்கு நீரில் 35 பங்கு அளவு கலந்தாலே பாதி மீன்கள் இறந்தன. கரை கழுவுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட 'கோரெக்சிட் 9580' மருந்துக்கு அந்த அளவு 10,000 பங்குக்கும் மேல். இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் அப்படித்தான். எண்ணெயை எடுக்கும், ஆனால் மீனுக்கும் சிப்பிக்கும் நஞ்சாகும். லாலான் புல்லுக்கு அடித்த மருந்து மழையில் ஓடையில் இறங்கினால் என்ன ஆகும் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியாததல்ல.

1967இல் கற்ற பாடம்

'டோரி கேன்யன்' கப்பல் 1967 மார்ச் மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் மோதியது. கரையைச் சுத்தம் செய்ய சுமார் 10,000 டன் சலவை இரசாயனம் கொட்டப்பட்டது. எண்ணெயைவிட அந்த இரசாயனமே கரையோர உயிர்களை அதிகம் கொன்றது. இரசாயனம் படாத பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டன. அதிகம் தெளித்த இடங்கள் மீளப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆயின. இன்றைய பரிசோதனைகளில் நச்சுத்தன்மைக்கு இத்தனை முக்கியத்துவம் தரப்படுவதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம்.

பொதுமக்கள் செய்ய வேண்டியது

கரையில் எண்ணெய்ப் படலத்தையோ தார்க் கட்டிகளையோ கண்டால் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளை நீரில் இறக்கக் கூடாது, எண்ணெயை வெறுங்கையால் தொடவும் கூடாது. எந்த மருந்தை, எங்கே, எவ்வளவு பயன்படுத்துவது என்பதை அதிகாரிகளே முடிவு செய்ய வேண்டும். நல்லெண்ணத்தோடு ஊற்றும் ஒரு போத்தல் சவர்க்காரமும் கரையோர நண்டுக்கும் சிப்பிக்கும் கேடுதான்.