குழந்தைகள் இறங்கி நடந்த வழி

மலைக்காடுகளினூடே குதிரையேறிச் செல்வது இன்று உல்லாசப் பிரயாணிகளின் பொழுதுபோக்கு. ஆனால், அவர்கள் செல்லும் தடங்கள் யாவும் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டவையல்ல. தடம் என்பது அதில் நடந்தவர்களின் சரித்திரம். அச்சரித்திரத்தை யார் வாயிலாகக் கேட்கிறோம் என்பதே இன்று நாம் சிந்திக்கவிருக்கும் விடயம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ரொக்கி மலைகளின் மடியில், ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் எஸ்டெஸ் பார்க் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. மலைக்குதிரைச் சவாரிக்குப் பெயர்போன இடம். அதனை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்தவர்களுள் முதன்மையானவர் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இளமை முதலே முதுகுநோயால் வருந்திய அவர், நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், 1873இல் அங்கு வந்து சேர்ந்தார். பெண்கள் இரு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டே சவாரி செய்யவேண்டும் என்றிருந்த காலம் அது. அவரோ ஆண்களைப்போல இருபுறமும் காலிட்டமர்ந்து, 'பேர்டி' என்ற சிறு குதிரையில் பனியினூடே நூற்றுக்கணக்கான மைல்கள் சென்றார். நகரங்களைக் கடக்கும்போது மட்டும் ஊர்வாய்க்கு அஞ்சி ஒருபக்கமாகத் திரும்பி அமர்ந்துகொள்வார். தங்கைக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1879இல் நூலாகிப் பெரும் புகழ் பெற்றன.

பேர்டின் எழுத்துச் சுவையானது. ஆயினும் அதில் அப்பள்ளத்தாக்கு ஒருசில குடியேறிகள் மட்டுமே வாழும் வனாந்தரமாகத் தோன்றுகிறது. அந்த வெறுமை இயற்கை தந்ததன்று. அரபாஹோ என்ற பழங்குடியினர் கோடைதோறும் குதிரைகளோடும் குழந்தைகளோடும் ஏறிய மலை அது. 1864இல் கொலராடோவின் சாண்ட் கிறீக் என்னுமிடத்தில், செயென், அரபாஹோ மக்களின் கூடாரங்களைப் படையினர் தாக்கினர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவரும் முதியோருமே. எஞ்சியோர் சிதறினர். 1878இல் வட அரபாஹோ மக்கள் வயோமிங்கின் விண்ட் ரிவர் ஒதுக்கிடத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

ஆட்கள் அகன்றதும் பெயர்களும் மாறின. பள்ளத்தாக்கு, 1860களில் குடியேறிச் சில ஆண்டுகளில் வெளியேறிவிட்ட ஜோயல் எஸ்டெஸ் என்பவரின் பெயரைப் பெற்றது. 14,000 அடிக்கு மேலுயர்ந்த சிகரத்துக்கு 'லோங்ஸ்' என்று பெயர். 1820இல் ஸ்டீபன் லோங் அதனைத் தொலைவிலிருந்து கண்டாரேயன்றி ஏறினாரல்லர்!

1914இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கொலராடோ மலையேறுவோர் கழகத்தினர், பழைய பெயர்களை அறியும் நோக்கோடு விண்ட் ரிவரிலிருந்து அரபாஹோ முதியவர்களை அழைத்து வந்தனர். கன் கிறிஸ்வோல்ட் எழுபதைக் கடந்தவர். ஷேர்மன் சேஜ் அறுபதைக் கடந்தவர். மொழிபெயர்ப்பாளராக டொம் கிறிஸ்பின் உடன் வந்தார். இரண்டு வாரங்கள் குதிரைமீது மலையைச் சுற்றினர். முதியவர்கள் சொல்லச் சொல்ல, ஒலிவர் டோல் என்ற இளைஞர் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகள் நூலாக வெளிவந்தது 1962இலேதான்.

லோங்ஸ் சிகரமும் அதன் அயற்சிகரமும் அவர்களுக்கு 'இரு வழிகாட்டிகள்'. சமவெளியிலிருந்து வருவோருக்குத் திசை காட்டுபவையல்லவா? மலைமுகட்டு வழியொன்றுக்குக் 'குழந்தையின் தடம்' என்று பெயர். செங்குத்தான இடங்களிற் குழந்தைகள் குதிரையிலிருந்து இறங்கி நடக்கவேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. சிகரத்துக்குத் தன் பெயரைச் சூட்டுபவன் தன்னை நினைக்கிறான். அம்மக்களோ, வழியில் இறங்கி நடந்த குழந்தையை நினைத்தார்கள்.

1915இல் அம்மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1932இல் அந்த முகட்டின் மீது 12,000 அடிக்கு மேலாக மோட்டார்ப் பாதை திறக்கப்பட்டது. சில பழம்பெயர்கள் தேசப்படத்தில் இடம்பெற்றன. 'கோடையில்லா மலை' எனப் பொருள்படும் பெயர் ஆங்கில வடிவில் நிலைத்தது. 'குழந்தையின் தடம்' நூலில் மட்டுமே எஞ்சியது. அந்த இரு முதியவர்களையும் அழைக்கப் பத்தாண்டு பிந்தியிருந்தால், நூலிலும் அது இருந்திருக்குமோ என்னவோ! பெயரறிந்த முதியவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது கற்றோர் கடன்.