அரை அலை மின்னழுத்தம் எதைச் சொல்லாமல் விடுகிறது?

அணு மாற்ற தனி உறுப்புப் பலபடியாக்கல் 1995இல் இரண்டு இடங்களில் தனித்தனியே அறிவிக்கப்பட்டது. கார்னகி மெலனில் மத்தியாஷெவ்ஸ்கி, வாங் இருவரும் தாமிர அணைவையும், கியோட்டோவில் சவமோட்டோ குழுவினர் ருத்தேனிய அணைவையும் கையாண்டனர். தாமிர(I) அணைவு சங்கிலி முனையிலிருந்து புரோமினைப் பறித்துத் தனி உறுப்பை உருவாக்குகிறது. தாமிர(II) அணைவு அதைத் திருப்பித் தந்து வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. சங்கிலிகள் சீரான நீளம் பெறுவது இந்தத் திருப்பித் தருதலால்தான்.

தாமிரத்துடன் பிணைந்து அணைவை உருவாக்கும் ஈனிகளில் எது சிறந்தது என்று அறிய, சுழற்சி வோல்டாமெட்ரியில் கிடைக்கும் அரை அலை மின்னழுத்தத்தையே பலரும் நாடுகின்றனர். அது எதிர்க்குறிப் பக்கம் நகர நகர வினையூக்கியின் வீரியம் கூடும் என்பது விதி. ஒரே கரைப்பானில் இந்த விதி பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் அதை அளவுகோலாக்குவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். அசிட்டோநைட்ரைலில், நிறை கலோமெல் மின்வாயை ஒப்பிட, பைபிரிடின் ஈனியுள்ள தாமிர புரோமைடு அணைவின் மின்னழுத்தம் ஏறத்தாழ +0.03 வோல்ட், ஹெக்சாமெத்தில் ட்ரென் ஈனிக்கு −0.30 வோல்ட். 59 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்று கொண்டால், பறித்தலுக்கும் திருப்பித் தருதலுக்கும் இடையிலான சமநிலை மாறிலி ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு உயர வேண்டும். எத்தில் 2-புரோமோஐசோபியூட்டிரேட் என்ற துவக்கியுடன் அளந்த மாறிலிகளோ 3.9×10⁻⁹, 1.5×10⁻⁴; உயர்வு 40,000 மடங்குக்குச் சற்றுக் குறைவு. பத்து மடங்கு விடுபட்டிருக்கிறது. அளவீட்டுப் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புரோமைடு பிணைந்த நிலையில் அளந்த மின்னழுத்தத்தில், தாமிரத்தின் இரு ஆக்சிஜனேற்ற நிலைகளும் புரோமைடை ஈர்க்கும் வலிமைகளின் விகிதம் கலந்திருக்கிறது. சமநிலை மாறிலிக்கு வேண்டியதோ தாமிர(II)இன் ஈர்ப்பு மட்டுமே.

நீரில் இந்த வேறுபாடு ஆபத்தாகிறது. அங்கே தாமிர(II)–ஹாலைடு பிணைப்பு எளிதில் பிரிகிறது. மின்னழுத்தம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், திருப்பித் தரும் அணைவு குறைந்தால் மூலக்கூறு எடைப் பரவல் விரிந்துவிடும். ஹாலைடு உப்பைச் சேர்த்து இதை ஈடுகட்டுவது வழக்கம்.

ஆகவே ஒரே வளைகோட்டின் நடுப்புள்ளியை மட்டும் படிப்பது போதாது. ஹாலைடு இல்லாமல் ஒரு பதிவு, ஹாலைடை ஏற்றிக்கொண்டே போய்ப் பல பதிவுகள்: அலை நகரும் தூரத்திலிருந்து பிணைப்பு மாறிலிகள் கிடைக்கும். துவக்கியைச் சேர்த்தால் ஒடுக்க மின்னோட்டம் எழும்பி, திரும்பும் அலை தேயும். வருடல் வேகத்தை மாற்றி இதைப் பின்தொடர்ந்தால் கிளர்வு வேக மாறிலியும் கைக்கு வரும். எனக்கு இந்த மூன்றாவது பதிவே மிக முக்கியமானது, ஏனெனில் அது வினை நிகழும்போதே எடுக்கப்படுவது.

2011இல் பதுவாவின் ஜென்னாரோவும் மத்தியாஷெவ்ஸ்கி குழுவினரும், மின்வாயில் செலுத்தும் மின்னழுத்தத்தை மாற்றியே பலபடியாக்கலை ஓட்டவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டினர். அம்முறையில் மின்னழுத்தமே வினையைச் செலுத்தும் கருவி. எனவே புதிய ஈனியை அறிவிக்கும் கட்டுரைகளில், ஹாலைடு உள்ள, ஹாலைடு இல்லாத வோல்டாமோகிராம்கள் இரண்டும், பலபடியாக்கல் நடந்த அதே கரைப்பானில் எடுக்கப்பட்டு இடம்பெற வேண்டும்.