கல்லில் வெட்டிய பொக்கிஷம்

சென்ற வாரம் தஞ்சைப் பெரிய கோயிலான ராஜராஜேச்சுவரத்தின் விமானத்தை அண்ணாந்து பார்த்தோம். இந்த வாரம் குனிந்து அதன் அதிஷ்டானத்தைப் பார்ப்போம். ஏனெனில், 1010-ஆம் ஆண்டில் விமானத்தின் மீது பொற்கலசம் ஏறிய அந்த மகா ஆலயத்தின் பொக்கிஷம் எங்கே என்று கேட்பவருக்கு, அங்கே வரிவரியாய் ஓடும் எழுத்துக்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

தன் ஆட்சியின் 26-ஆம் ஆண்டில், தானும், தமக்கை குந்தவையும், தேவியரும், பிறரும் கொடுத்தவை யாவற்றையும் கல்லில் வெட்டும்படி சோழச் சக்கரவர்த்தி ராஜராஜன் ஆணையிட்டான். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், ரத்தினங்களைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கிட்டு, முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று இனம் பிரித்து எழுதிய அந்தக் கணக்கர்கள், வைரங்களில் இருந்த புள்ளியையும் பிளவையும் வெந்த தழும்பையுங்கூட, சக்கரவர்த்தியின் காணிக்கையாயிற்றே என்று மறைக்காமல் பதிந்து வைத்தார்கள். இந்தச் சத்தியத்துக்கு ஈடான அணிகலன் வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனி தேசத்து ஆஹன் பேராலயத்தில், ஏறக்குறைய அதே காலத்தில் ரத்தினமிழைத்த பொற்சிலுவையொன்றை இன்றும் கண்ணால் காணலாம். நம் ஆபரணங்களோ போயின. கணக்கு மட்டும் நிற்கிறது.

கல்லில் நிற்கும் இன்னொரு பொக்கிஷமும் இங்கே உண்டு. அனுமதி பெற்று, கர்ப்பக்கிருகத்துக்கு மேல்தளத்துச் சுற்றறைக்கு ஏறினால், பரத சாஸ்திரம் கூறும் 108 கரணங்களைச் சிவபெருமானே நான்கு கரங்களோடு ஆடிக்காட்டும் சிற்ப வரிசை தொடங்குகிறது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் பெற்று இக்கோயிலில் பணிபுரிந்த 400 தளிச்சேரிப் பெண்டிர் கற்ற கலையன்றோ இது! விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபோது, வளைந்த முழங்காலின் கீழ் நிழல் விழுந்து, தூக்கிய பாதம் சுவரைவிட்டு முன்வந்தது போலிருந்தது. 81-ஆம் கரணத்தோடு உளி நின்றுவிட்டது. அடுத்த கல்லைத் தடவிப் பார்த்தேன். உருவம் ஏதுமில்லை, சொரசொரப்பாய்க் குளிர்ந்திருந்தது. பின்னர் வந்த நாயக்கரும் மராட்டியரும் இக்கோயிலில் எத்தனையோ திருப்பணிகள் செய்தும், அந்த 27 கற்களில் ஒருவரும் கைவைக்கவில்லை.