அனுபானம் முதல் கரைப்பான் வரை: குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் வரலாறு

சித்த மருத்துவத்தில் மருந்து வேறு, அனுபானம் வேறு. தேன், வெந்நீர், பால், இஞ்சிச்சாறு என மருந்தை உட்கொள்ளத் துணையாவதே அனுபானம். பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, தாமிரபரணிக் கரை வீடுகளில் ஆடாதோடை, கற்பூரவல்லிச் சாறுகள் குழந்தையின் இருமலுக்குத் தேனில் குழைத்துத் தரப்பட்டன. அனுபானம் தாயின் கையில் இருந்தது. அவளே அதைச் சுவைத்தும் பார்த்தாள். இம்மரபு பழுதற்றது எனல் பொருந்தாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது என்பது இன்றைய மருத்துவ முடிபு. குழந்தையை உறங்கவைக்க அபினி தரும் வழக்கமோ 1893–95 அபினி ஆணையத்தின் விசாரணையிலேயே பேசப்பட்டது.

ஆடாதோடையின் வாசிசினை அடியொற்றியே புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. ஆகவே மருந்துப்பொருளைப் பொறுத்தவரை வீட்டு முற்றத்துக்கும் தொழிற்சாலைக்கும் தொடர்ச்சி உண்டு. முறிவு நேர்ந்தது அனுபானத்தில்தான். சிரப்பில் அதன் இடத்தைக் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் பிடித்தன. இவற்றில் கலப்படமாக நுழையும் டைஎத்திலீன் கிளைக்காலும் இனிப்பானது. நாவால் கண்டறிய இயலாது. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்துக்கு இதுவே கரைப்பானாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவின் மருந்துச் சட்டம் 1940இல் வந்தது. எனினும் 1998இல் குருகிராமில் தயாரான இருமல் மருந்தால் பாதிக்கப்பட்ட 36 குழந்தைகளுள் 33 பேர் டெல்லியில் இறந்தனர்.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, தடம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்துக்கு வந்தது. அங்கு ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ் தயாரித்த கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக அரசின் சோதனை வெளிப்படுத்தியது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1. பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் ஆகிய மூன்றே அதன் செயல்மருந்துகள். இவற்றுள் இறுதியானது உறக்கம் தருவது. இரவில் இருமும் குழந்தைக்குப் பெற்றோர் இத்தகைய சிரப்பை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சீட்டின்றி விற்கும் கடைக்காரரையே இத்தகைய சாவுகளுக்குக் காரணமாகச் சுட்டுவது எளிது. ஆனால் அவ்விளக்கம் போதாது. சிந்த்வாராவில் குழந்தைகள் பலர்க்கு மருத்துவர் சீட்டெழுதியே மருந்து கிடைத்தது. சீட்டும் செயல்மருந்தின் பெயரைத்தான் பேசும், கரைப்பானைப் பேசாது.

2025 அக்டோபரில் ஒன்றிய நலவாழ்வுப் பணிகள் தலைமை இயக்ககம், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்து கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது. அது மருந்தைப் பற்றிய அறிவுரை. அனுபானத்தின் வரலாற்றைத் தேடுவோர் புரட்ட வேண்டியவை, ஆலைகளின் கொள்முதல் பட்டியல்களும் மூலப்பொருள் சோதனைப் பதிவேடுகளும் ஆகும்.